சுவருக்கு இந்தப் பக்கம்

“என் சம்சாரத்துக்கு மறதி ஜாஸ்தி தம்பி. குழாயைத் திறந்தா மூட மாட்டா, அடுப்பைப் பத்த வச்சா அணைக்க மாட்டா” என்றார் பெரியவர். படிய வாரிய தலையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக மிடுக்காக உட்கார்ந்திருந்தார்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் சமையலறை வாசலில் நின்ற அம்மாளைப் பார்த்தான். அவள் மறுக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. கேட்டுக் கேட்டு மரத்துப் போயிருப்பாள். அவனுக்குப் பாவமாக இருந்தது.

போன வாரம் தண்ணீர் வழிந்து, கீழ் வீட்டு சீலிங் ஊறிப் பெயர்ந்து விழுந்துவிட்டது. இன்சூரன்ஸ் எடுங்கள், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டாராம்.

“வெளிச்சுவர், மாடிப்படி, மொட்டை மாடியெல்லாம் சங்கத்தோட பாலிசியில வந்துரும் சார். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கறதுதான் உங்க பொறுப்பு.”

“அது தெரியாதா? நானும் இன்சூரன்ஸ்ல குப்பை கொட்டினவன்தான். கீழ் வீட்டுக்காரன் நஷ்டஈடு கேட்டா குடுப்பீங்களா? ரிப்பேர் முடியற வரைக்கும் நாங்க வெளியில தங்கினா வாடகை யாரு தருவா? முதல்ல அதைச் சொல்லு.”

ஆள் பயங்கர கில்லாடி. ஏஜென்டுக்கு வியர்த்துவிட்டது. “நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று அந்தப் பக்கம் திரும்பினான்.

“என்னென்ன உண்டோ எல்லாத்தையும் போடுங்க. நாங்க இந்த வீட்டுலயே இருக்கணும், அவ்வளவுதான்.” குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

டீ போட உள்ளே போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அடுப்பைத் திருகும் குமிழை எடுத்து மாட்டினாள். டீ கொதித்ததும் அதைக் கழற்றித் திரும்பவும் முடிந்துகொண்டாள். கூடத்திலிருந்து பார்த்த ஏஜென்ட், ‘ஐயோ, இவ்வளவு முத்திப் போச்சா!’ என்று நினைத்துக்கொண்டான்.

“வீடு யார் பேர்ல சார் இருக்கு?”

“என் சம்சாரம் பேர்லதான்.”

“அப்ப அவங்கதான் கையெழுத்துப் போடணும்.”

“அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு.”

அம்மாள் டீயை நீட்டினாள். பெரியவர் அவளை ஏறிட்டுப் பார்த்து, மரியாதையாக எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“ரொம்ப நன்றிம்மா. அப்படியே உள்ள போய் என் சம்சாரத்தைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க.”