ஒரிஜினல் பிரேக்

அல்போன்சாவின் கணவர் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் இறந்துபோனார். நொறுங்கிய அந்தப் பழைய காரை அவள் பிரித்து விற்றதில் பிரேக் ஷூக்கள் மட்டும் மிஞ்சின. அவற்றைத் தேடி ஒருவர் வந்தார்.

"ஒரிஜினல்மா! எங்கயும் கிடைக்கல."

"தேஞ்சு போச்சு சார். பிடிக்காது."

"கண்காட்சி வண்டிதாம்மா. ஓட்டவே மாட்டேன்."

பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் மனம் கேட்காமல் அவர் பின்னாலேயே தெருவுக்குப் போனாள். அவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "கிடைச்சிருச்சு. ஞாயித்துக்கிழமை ஏற்காடு போறோம்."

அல்போன்சா ஓடிப்போய்ப் பையைப் பற்றினாள். அவர் இழுத்தார்.

"வித்தாச்சுல்ல? விடும்மா!"

"எங்க வீட்டுக்காரரும் பிரேக்கை மிதிச்ச காலை எடுக்கவே இல்ல, சார்!"

அவர் இழுப்பதை நிறுத்தினார். போனில் ஒரு சிறுமி கத்தினாள்: "அப்பா, நான்தான் முன்சீட்டு!"

இருவரும் பையை விடவில்லை.