காலி அறையின் சத்தம்

ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் குடித்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலி அறையின் சத்தத்தைக் கேட்டான். முப்பத்து நான்கு விநாடி. கழற்றி வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

ஏழு மாதமாக இதுதான் வழக்கம். அலுவலகத்திலும் எல்லோருக்கும் தெரியும்.

அவன் ஒலிப்பதிவு எடிட்டர். பேச்சைப் பதிவதற்கு முன்னால் எல்லோரும் அசையாமல் இருந்து, அறையின் வெறும் சத்தத்தை முப்பது விநாடி பதிந்துகொள்வார்கள். பின்னால் பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டையை அடைக்க அது உதவும். அதைப் போய் ஒருவன் தினமும் கேட்பானா? மனைவி போனதில் பையனுக்கு மறை கழன்றுவிட்டது என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

அந்த அலுவலகம் தயாரிக்கும் பேச்சு நிகழ்ச்சிக்கு மனைவிதான் குரல். வானத்து நட்சத்திரம் முதல் வாடகைச் சட்டம் வரை எதையும் விடமாட்டாள். எதைப் பேசினாலும், "நான் சொன்னேன்னு நம்பிடாதீங்க, தேடிப் பாருங்க" என்றுதான் முடிப்பாள். அதற்காகவே கேட்க வந்தவர்கள் நாற்பதாயிரம் பேர். ஒருநாள் காலை, பதிவு தொடங்கி, பேச்சை ஆரம்பிப்பதற்குள் மைக்கின் முன்னாலேயே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை.

இப்போது அவளுடைய பழைய பேச்சுகளைத் தொகுத்து வெளியிடப் போகிறார்கள். விளம்பரம் முழுவதும் மேலாளரின் பொறுப்பு. எந்த விளம்பரத்தைக் காட்டினாலும் "ஆளை இழுக்கிற கொக்கி எங்க?" என்று கேட்பதால் அவருக்குக் கொக்கி என்றே பெயர்.

கொக்கி போஸ்டரை மேஜையில் விரித்தார். மனைவியின் முகம். அதன் கீழே பெரிய எழுத்தில்: 'யார் சொன்னாலும் வாயை மூடாதீங்க.' அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்: 'கடைசியாக அவர் சொன்னது.'

"இதை அவ சொல்லல, சார்."

"சொல்லியிருப்பாங்கல்ல?"

கொக்கி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நம்முடைய நேயர்கள் சோப்பு வாங்குகிற கூட்டம் இல்லை, மூளை உள்ளவர்கள், திறந்த மனசுக்காரர்கள். அவர்களைத் தள்ளுபடி காட்டி இழுக்க முடியாது, நெஞ்சில் தைக்கிற மாதிரி ஒரு வரி வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

"மூளை இருக்கிறவங்க கேப்பாங்க, சார்."

"என்ன கேப்பாங்க?"

"ஆதாரம்."

கொக்கி சிரித்தார். சனிக்கிழமை நடக்கும் நேயர்கள் கூட்டத்தில் யாராவது அப்படிக் கேட்டால் புருஷனைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா என்றார். அந்த மாதத்தோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது என்பதையும் போகிற போக்கில் நினைவுபடுத்தினார். பிறகு அவன் தோளைத் தட்டினார்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், தம்பி. தலைய ஆட்டினா போதும்."

சனிக்கிழமை மாலை, வாடகை அரங்கில் நூறு நேயர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஆள் உயரத்துக்கு அந்தப் போஸ்டர். அவன் முதல் வரிசையின் ஓரத்தில் இருந்தான். அவர்களில் பாதிப் பேரின் குரல் அவனுக்குத் தெரியும். தவறு கண்டுபிடித்துச் சொல்ல மனைவிக்குப் போன் செய்தவர்கள். அவர்கள் முன்னால்தான் அவன் தலையாட்ட வேண்டும். ஆட்டிவிட்டால், அவள் பெயரில் வெளியே போகும் முதல் பொய் அவன் கொடுத்ததாகிவிடும்.

கொக்கி பேசி முடித்ததும் கைதட்டல் எழுந்தது. கைதட்டாமல் ஒருவர் எழுந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். நிகழ்ச்சியில் இதுவரை பதினொரு பிழை பிடித்தவர்.

"அந்த வரி நல்லா இருக்கு. அந்தப் பொண்ணு அதை எப்போ சொன்னா, யார் கேட்டாங்க?"

கொக்கிக்கு இது எதிர்பார்த்த பந்துதான். கணவரே இங்கே இருக்கிறார் என்று குழைந்து கை காட்டினார். நூறு தலைகள் திரும்பின.

தலையாட்ட வேண்டியவன் எழுந்து, ஒலிப்பெட்டி இருந்த மேஜைக்குப் போய், தன் போனை அதில் செருகினான். கொக்கி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கிட்டே வந்தார்.

"தம்பி, வேலைய நினைச்சுப் பாருங்க."

"நினைச்சுட்டேன், சார்."

அவன் நேயர்களைப் பார்த்துத் திரும்பினான். அவன் குரலை அவர்கள் இதற்கு முன் கேட்டதில்லை.

"போஸ்டர்ல இருக்கிறது பொய். அவ கடைசியாப் பேசினது இதுல இருக்கு, டீச்சர். எங்கேயும் வெட்டல. இதையும் நம்பிடாதீங்க, கேட்டுப் பாருங்க."

பொத்தானை அழுத்தினான்.

ஒன்றும் இல்லை. மின்விசிறியின் மெல்லிய உறுமல். எங்கோ ஒரு நாற்காலி லேசாக முனகியது. பத்து விநாடி. இருபது. பின் வரிசையில் யாரோ செருமினார்கள். அந்தக் காலி ஃபைலா, இதற்கா இவ்வளவு என்று கொக்கி பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். டீச்சர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

இருபத்தொன்பதாவது விநாடியில் ஓர் ஆண் குரல் கேட்டது. அவனுடையது. ஆனால் இப்போது பேசியவனின் குரல் மாதிரி இல்லை. எதற்கோ அவசரப்பட்ட, சந்தோஷமான குரல். "ஏய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

அதைப் பாதியில் வெட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி அவள் சொன்னாள்:

"கொஞ்ச நேரம் வாயை மூடுடா, கண்ணா."