டிரைவர் சீட்

பாளையங்கோட்டையில் ஞானசிகாமணி வாத்தியார் இருபத்தெட்டு வருடமாக ஒரே மாருதி காரை வைத்திருந்தார். கார் ஓட்டப் பழக வேண்டும் என்று மனைவி லீதியாள் கேட்டபோதெல்லாம், "அடுத்த லீவுல பாப்போம்" என்றே சொல்லிவந்தார். போன தை மாதம் அவள் இறந்துபோனாள். அதன்பிறகு ஒவ்வொரு காலையிலும் டிரைவர் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் நகர்ந்திருந்தது. நெட்டையான அவர் தினமும் அதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

ஒருநாள் விடிந்ததுமே காரை விலைக்குப் பார்க்க வந்த செந்தில்முருகன், டிரைவர் சீட்டில் ஏறி முழங்காலை மடக்க இடமில்லாமல் கேட்டான்: "சார், வண்டிய அம்மாதான் ஓட்டுதாங்களோ?"

"அவளுக்கு ஓட்டத் தெரியாது" என்றவர், சீட்டைப் பார்த்துவிட்டு, "வண்டி விக்கல தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

அவன் போனதும் கேட்டைத் திறந்துவைத்து, சாவியைப் போட்டுவிட்டு, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"கிளச்ச பைய விடு, லீதியா."

வண்டி குலுங்காமல் வாசலைத் தாண்டி, ஆற்றுப் பக்கம் திரும்பியது.