இன்னும் ஒண்ணே ஒண்ணு

பிசியோதெரபி மாணவர்களின் மணிக்கட்டில் கல்லூரி, நோயாளியின் வலியை இழுத்துக்கொள்ளும் பட்டையைக் கட்டிவிட்டதிலிருந்து நோயாளிகளுக்குக் கொண்டாட்டம்தான். முறுக்கப்படுவது அவர்கள் கை. வலி மட்டும் மாணவர்களுக்கு.

தோள் இறுகிப்போய் வந்த ரிட்டயர்டு கண்டக்டர் மாசிலாமணியின் கையை மாணவி ஜெருஷா தூக்கத் தூக்க, அவர் இன்னொரு கையால் நிம்மதியாக முறுக்கு தின்பார். அலறுவது அவள். பாதி தூக்கியதுமே, "இன்னைக்கு இது போதும் அங்கிள்" என்று விட்டுவிடுவாள்.

இன்று செய்முறைத் தேர்வு. மார்க் போட வரும் மேடம் முன் அவர் கை காதைத் தொடாவிட்டால் அவள் ஃபெயில். பேயறைந்த மாதிரி நின்றவளைப் பார்த்து மாசிலாமணிக்கே மனசு கேட்கவில்லை.

"அந்தச் சனியனைக் கழட்டும்மா. என் வலியை நானே பட்டுக்கறேன்."

கழற்றினாள். மறுநொடியே அவர் கையைப் பிடித்து ஏற்றினாள்.

"ஐயோ! விடுடி பாவி!"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு அங்கிள்" என்றாள், சிரித்துக்கொண்டே.

அந்த ஒண்ணு முடிந்ததும் இன்னொரு ஒண்ணு வந்தது. மாசிலாமணிக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை அறைய ஓங்கினார். நல்ல கையில் முறுக்குப் பொட்டலம் நசுங்கிக்கொண்டிருந்ததால், ஓங்கியது இறுகிப்போன கை. அது காதையும் தாண்டிப் போய் நின்றது.

"அப்படியே வெச்சிருங்க அங்கிள்!" என்று துள்ளினாள் ஜெருஷா. "மேடம், சீக்கிரம் வந்து மார்க் போடுங்க!"