இடது கால் முள்

"எழுதுங்க ஏட்டு. ஆஜரானவங்க: வெள்ளைச்சாமி, விக்கிரமங்கலம். அவன் மக காத்தாயி, ரெண்டாங் கிளாஸ். சாட்சி, வாத்தியார் நல்லுசாமி. அப்புறம், சேவல் ஒண்ணு."

"சேவலையும் ஆஜர்ல சேக்கணுங்களா?" என்றார் ஏட்டு.

"அது இல்லாட்டி நாம எதுக்கய்யா ஆஜராகணும்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

சேவல் ஸ்டேஷன் மூலையில் பஞ்சாரக் கூடைக்குள் கிடந்தது. வழி தவறி வந்த சேவல், உரியவர் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று முந்தின நாள் தமுக்கு அடித்திருந்தார்கள். காலையிலிருந்து நான்கு பேர் வந்து, அடையாளம் சொல்லத் தெரியாமல் திரும்பிவிட்டார்கள். வெள்ளைச்சாமி ஐந்தாவது ஆள்.

"குலசாமிக்கு நேர்ந்துவிட்டதுங்க. மூணு வருசமா தள்ளிப்போன படையல். வெள்ளிக்கிழமை பங்காளிங்க எல்லாரும் வராங்க. சேவல் இல்லன்னா நான் தலைகாட்ட முடியாதுங்க."

"அடையாளம் சொல்லு."

"வளக்குறது இந்தப் புள்ளதாங்க. அதுக்குத்தான் எல்லாம் தெரியும்."

சப்-இன்ஸ்பெக்டர் காத்தாயியை முன்னால் கூப்பிட்டார். "இந்தச் சேவல உனக்குத் தெரியுமா பாப்பா?"

"தெரியும் சார்."

"அந்தப் பக்கம் பாக்காம சொல்லு."

காத்தாயி கை கட்டிக்கொண்டாள். கண்ணை மூடி ராகம் போட்டு ஆரம்பித்தாள். "இது தலை. தலைக்கு மேல கொண்டை. கொண்டையில ஆறு பல்லு, மூணாவது பல்லு ஒடிஞ்சிருக்கும். மேல் அலகு, கீழ் அலகு. அலகுக்குக் கீழ தாடி, ரெண்டு."

ஏட்டு குனிந்து பஞ்சாரத்துக்குள் கையை விட்டார். வேகமாக வெளியே இழுத்தார்.

"கொத்துது சார்."

"அலகு இருக்குன்னு எழுதுங்க."

"காது மடல் வெள்ளை. இறக்கை ரெண்டு, வலது இறக்கையில ஒரு வெள்ளை இறகு. காலுல செதில். முன்னால மூணு விரல், பின்னால ஒண்ணு. விரலுக்கு மேல முள்ளு. வலது காலுல இருக்கும். இடது காலுல இருக்காது, அறுத்திருக்கு."

சப்-இன்ஸ்பெக்டர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினார். படித்த ஆள் சாட்சிக்கு வேண்டும் என்று பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அவரைக் கூட்டி வந்திருந்தார்கள். வந்ததிலிருந்து அவர் சேவல் இருந்த மூலைப் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன சார், பாடம் ஒப்பிக்கிற மாதிரியில்ல சொல்லுது?"

"பாடம்தான் சார். பறவையின் உறுப்புகள். போன வாரம் நடத்தினேன். போர்டுல படம் போட்டு."

காத்தாயி கண்ணைத் திறந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த இடது கால் முள்ள யாரு அறுத்தது?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நான்தாங்க," என்று முந்திக்கொண்டான் வெள்ளைச்சாமி. "புள்ளைங்க விளையாடுற எடம். குத்திடக் கூடாதுன்னு நானே அறுத்தேன்."

"எழுதுங்க ஏட்டு. நானே அறுத்தேன். கைநாட்டு வாங்குங்க." அவர் மறுபடி வாத்தியாரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க? இவன் சேவல்தானா?"

நல்லுசாமி சிறிது யோசித்தார். "புள்ள இவ்வளவு சரியா சொல்லுது. வேற யாரு சேவலா இருக்கும்?"

சாட்சிக் கையெழுத்தைத் தெளிவாக, தேதியோடு போட்டார்.

வெள்ளைச்சாமி பஞ்சாரத்தைத் தூக்கப் போனான். ஏட்டு அவன் தோளில் கை வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை திருமழபாடிப் பக்கம் ஆத்து மணல்ல சேவல் சண்டை," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "கால்ல கத்தி கட்டி. ஒருத்தன் வயிறு கிழிஞ்சு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில கெடக்கான். நாங்க போறதுக்குள்ள மனுசங்க எல்லாம் ஓடிட்டானுங்க. இது ஒண்ணுதான் நின்னுச்சு. கத்தி கட்டத்தான்யா அந்த முள்ள அறுப்பாங்க."

வெள்ளைச்சாமி பஞ்சாரத்திலிருந்து கையை எடுத்தான். "ஐயா, இது என் சேவலே இல்லீங்க. இந்த வழியா போறப்ப, இந்தச் சேவல எனக்குத் தெரியும்ப்பான்னு புள்ள சொல்லுச்சு. படையலுக்கு ஆச்சேன்னு வந்துட்டேங்க."

"இனிமே அப்படித்தான் சொல்லுவ."

"வாத்தியாரே, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கையெழுத்துப் போட்டுட்டேனே, வெள்ளைச்சாமி," என்றார் நல்லுசாமி.

ஏட்டு அவனை லாக்கப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். காத்தாயி வாத்தியாரின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"சார், நீங்க சைக்கிள்ல கட்டிக் கொண்டாந்து, இது என் சேவல்னு சொல்லி எங்களுக்குக் காட்டுனீங்களே, அந்தச் சேவல்தானே இது?"

ஏட்டு கம்பிக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிய சத்தத்தில், நல்லுசாமியைத் தவிர வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.