அண்ணன் சொன்ன பதில்

பக்கவாதம் வந்த அண்ணனின் பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்த அண்ணி, "நான் வரட்டுமான்னு உங்கண்ணன்கிட்ட கேளுங்க தம்பி" என்று போனில் சொன்னார். கேட்டேன்.

"வேண்டாம்கிறான் அண்ணி."

அதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. சரியாகத்தான் புரிந்துகொண்டேனா? மறுநாள் அதே கேள்விக்கு அவன் சொன்ன பதிலைப் பதிவு செய்து, அண்ணனுக்கு உதவ நான் போகும் பேச்சுப் பயிற்சி மாலை வகுப்பின் ஆசிரியையிடம் கொடுத்தேன். பதிவை மூன்று தடவை போட்டுக் கேட்டார்.

"குழறல் மட்டும் இல்லப்பா, ஒலிகளே தமிழ் மாதிரி இல்ல. வேற மொழி பேசுவாரா?"

"அண்ணியோட மொழி பேசுவான். ரெண்டு பேரும் அதுலதான் சண்டையே போடுவாங்க. என்ன சொல்றான் மேடம்?"

"எனக்கு அந்த மொழி தெரியாதே. தெரிஞ்சவங்களைத்தான் கேட்கணும்."

மூன்று மாதமாக அண்ணி போன் செய்கிறார். ஒருமுறைகூட நான் போனை அண்ணனிடம் கொடுத்ததில்லை.