பச்சைத் துணியில் ஒரு ஓட்டை

இதெல்லாம் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அப்போது எனக்கு ஒரு கண்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

பெரிய டாக்டர் எங்கள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்றார். ஒரு கையில் என் ரிப்போர்ட், மறு கையில் பக்கத்துக் கட்டில் தச்சருடையது.

இரண்டிலும் அமீபா.

என் வலது கண்ணுக்கு அது வந்தது நியாயம். கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவிப் போட்டுக்கொள்ளும் சோம்பேறி நான். தச்சரின் வலது கண்ணில் தெறித்ததோ மரச்சிராய்.

ஒரு வாரமாக இருவருக்கும் மணிக்கொரு தரம் ஒரே சொட்டு மருந்து. என் கண் தெளியத் தொடங்கியிருந்தது. அவருடையதில் வெள்ளைப் புள்ளி கருவிழியின் நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"பாத்தா பூஞ்சை மாதிரி இருக்கு, ரிப்போர்ட் அமீபாங்குது. நீங்க லென்ஸ் போடுவீங்களா?"

"போடுவேனே," என்றார் தச்சர்.

"எப்படிக் கழட்டுவீங்க?"

தச்சர் கொஞ்சம் யோசித்தார். கண்ணுக்கு முன்னால் விரல்களைக் குவித்து, இடப்பக்கமாக மூன்று சுற்று திருகிக் காட்டினார்.

ஹெட் நர்ஸ் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இப்படியே போனா திங்கக்கிழமை கருவிழிய மாத்தணும். மாத்தினாலும் பார்வை நிக்கும்னு சொல்ல முடியாது."

தச்சரின் நல்ல கண் என்னைப் பார்த்தது. வாயைத் திறந்துவிடாதே என்று கெஞ்சியது.

சோதனைக்காகக் கருவிழியைச் சுரண்டி எடுத்த அன்று, பிளேடு என்ற சொல்லைக் கேட்டதுமே அந்த ஆறடி மனிதர் என் போர்வைக்குள் ஒளிந்துகொண்டார். "புத்தகம், எனக்கும் சேத்து நீயே போயிட்டு வாடா." கட்டில் நிறையப் புத்தகம் வைத்திருந்த என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

போனேன். காலையில் எனக்காக, ஒரு டாக்டரிடம். மதியம் அவருக்காக, பயிற்சிக்கு வந்த இன்னொருவரிடம். முகத்தை மூடிய பச்சைத் துணியில் ஒரே ஒரு ஓட்டை. அதில் கண் மட்டும்தான் தெரியும்.

இப்போது டாக்டர் காத்திருந்தார். நான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுற்றியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கும்போது தச்சர் மூடுவது இடது கண்ணை. பார்ப்பது வலது கண்ணால்.

"ரெண்டும் என் கண்ணுதான், டாக்டர்," என்றேன்.

"அடப்பாவி, கவுத்துட்டியேடா!" என்றார் தச்சர்.

அன்றே அவர் கண்ணையும் சுரண்டினார்கள். பிடித்துக்கொள்ள மூன்று பேர். முடிந்ததும், "இவ்வளவுதானா?" என்று கேட்டாராம். பூஞ்சைதான். குலுக்கி விடும் வெள்ளைச் சொட்டு மருந்தில் மூன்று மாதத்தில் ஆறியது. புகைபோல் சின்னதாக ஒரு தழும்பு மிச்சம்.

என் அமீபா முழுதாகப் போக ஒரு வருடம் ஆனது. பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். ஹெட் நர்ஸ், நோயாளியின் நெற்றியில் பெயர் எழுதிய பிளாஸ்டர் ஒட்டாமல் இப்போது யாரையும் சுரண்ட அனுப்புவதில்லை.

மதியம் போய் வந்ததற்குக் கூலியாகத் தச்சர் ஒப்புக்கொண்டிருந்த ஐந்து தட்டுப் புத்தக அலமாரி என் அறையில் நிற்கிறது. அன்று அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அதை நினைத்துத்தான். காட்டிக்கொடுத்த பிறகும் செய்து கொடுத்தார்.

மூன்றாம் தட்டு கொஞ்சம் சாய்வு.

அவருடைய வலது கண்ணுக்கு அது நேராகத்தான் தெரிகிறதாம்.